ஃபாரடேயின் இரு மொழிகள்

ஒரு துறையில் ஆழ்ந்தவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி வேறு; அத்துறையின் வாயிற்படியில் நிற்பவரிடம் பேசவேண்டிய மொழி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் இழப்பு சிறிதன்று. கலைச்சொல் மலிந்த உரையைக் கேட்டுத் திரும்பும் எளிய மனிதன், உரை விளங்கவில்லை என்று உரையாளரைக் குறை கூறுவதில்லை. தனக்கு அறிவு போதாது என்றே எண்ணிக்கொள்கிறான். அன்றோடு அறிவியல் அவனுக்கு அயலார் வீட்டுச் செல்வமாகிவிடுகிறது.

இவ்வுண்மையை நூலெழுதி நிறுவாமல் தம் வாழ்க்கையால் நிறுவிக் காட்டியவர் ஆங்கில நாட்டு அறிவியலறிஞர் மைக்கேல் ஃபாரடே (1791–1867). மின்னியல் இன்று வழங்கும் அடிப்படைச் சொற்களுள் பல அவருடைய கட்டுரைகளின் வழியாகவே உலகுக்கு அறிமுகமாயின. அச்சொற்களின் துணையை நாடாமல் சிறுவர்க்கும் பொதுமக்களுக்கும் இயற்கையின் மறைபொருளை விளக்கியவரும் அவரே. சொல்லை ஆக்கியவரும், வேண்டாத இடத்தில் அதனை அடக்கி வைத்தவரும் ஒருவரே என்பது சொல்லையே தொழிலாகக் கொண்டோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

சொல் தேடிய படலம்

1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், காந்தத்தின் துணைகொண்டு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் நெறியை ஃபாரடே கண்டறிந்தார். அதன் பின்னர் நீர்மங்களின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி அவற்றைப் பகுக்கும் ஆய்வில் ஈடுபட்டார். மின்னோட்டம் நீர்மத்துள் புகும் இடத்தையும் அதைவிட்டு வெளியேறும் இடத்தையும் அந்நாளைய அறிஞர் ‘துருவம்’ என்று வழங்கினர். காந்தத்தின் துருவம் இரும்பை இழுப்பதுபோல, இத்துருவங்களும் நீர்மத்தின் கூறுகளைத் தொலைவிலிருந்தே தம்பால் இழுக்கின்றன என்னும் கருத்து அப்பெயருக்குள் ஒளிந்திருந்தது. ஃபாரடேயின் ஆய்வோ அக்கருத்துப் பிழையென்று காட்டிற்று. ஆகவே ‘துருவம்’ என்று சொல்லும்போதெல்லாம் வாய் ஒன்றைச் சொல்ல, ஆய்வு மற்றொன்றைச் சொல்லும் நிலை ஏற்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிதல் வேண்டும். ஃபாரடே புதுச்சொல்லைத் தேடியது புலமையைக் காட்டுவதற்கன்று. பழஞ்சொல் பொய்யுரைத்தது என்பதற்காகவே. எந்தக் கொள்கைக்கும் பிணைப்படாத, இடத்தை மட்டும் சுட்டுகின்ற பெயர் அவருக்குத் தேவைப்பட்டது. கிரேக்கமும் இலத்தீனும் கல்லாதவராதலின், 1834ஆம் ஆண்டு ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியின் பேரறிஞர் வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதினார்.

நிலவுலகின் காந்தத்தன்மை அதனைச் சுற்றியோடும் மின்னோட்டத்தால் விளைவதாகக் கொண்டால், அவ்வோட்டம் ஞாயிற்றின் வழியே கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லவேண்டும். ஆய்வுக்குரிய நீர்மத்தையும் அதே போக்கில் வைத்ததாக எண்ணிக்கொண்டால், மின்னோட்டம் புகும் பக்கம் ஞாயிறு எழும் பக்கம். வெளியேறும் பக்கம் ஞாயிறு விழும் பக்கம். ஃபாரடே விரித்த இக்கற்பனைக்குப் பொருந்த ஹியூவெல் இரு கிரேக்கச் சொற்களை எடுத்துக் கொடுத்தார். ஏறும் வழி என்னும் பொருள்பட ‘ஆனோடு’. இறங்கும் வழி என்னும் பொருள்பட ‘கேத்தோடு’. இடையே நகர்ந்து செல்லும் கூறுகளுக்குச் ‘செல்வது’ என்னும் பொருள்பட ‘அயான்’ என்ற பெயர் அமைந்தது. கடுமையான கலைச்சொற்கள் என்று இன்று மாணவர் அஞ்சும் இவை, காலைக் கதிரவனையும் மாலைக் கதிரவனையும் உவமையாகக் கொண்டு பிறந்தவை என்பதைக் கவிஞர்கள் அறிந்தால் வியப்பெய்துவர்.

இச்சொற்கள் தடையின்றி ஏற்கப்பட்டன என்பதற்கில்லை. நண்பர்கள் கடுமையாக எதிர்த்தனர். எல்லாரையும் மகிழ்விக்க முயன்று தன் மகனோடும் கழுதையோடும் அல்லற்பட்ட கதைமனிதனின் நிலை தமக்கு வாய்த்ததாகவும், ஹியூவெலின் பெயரைக் கேடயமாக உயர்த்தியவுடன் எதிர்ப்பு உருகி மறைந்ததாகவும் ஃபாரடே அவ்வாண்டு மே மாதம் நகைச்சுவை ததும்ப எழுதினார். ஒரு சொல் நிலைபெறுவதற்கு அதன் பொருத்தம் மட்டும் போதாது, முன்மொழிபவரின் செல்வாக்கும் வேண்டும் என்ற உலகியலை அவர் அன்றே கண்டுகொண்டார்.

இந்த ஹியூவெலே, 1833ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் கூடிய பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழக மாநாட்டில் கவிஞர் கோலரிட்ஜ் எழுப்பிய ஒரு தடையை ஒட்டி, அறிவியலாளரைக் குறிக்கும் ‘சயன்டிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ஆக்கித் தந்தவர். கருவிகளோடு உழல்வோரைத் தத்துவர் என்று அழைத்தல் தகாது என்பது கோலரிட்ஜின் தடை. கலைஞரைக் குறிக்கும் சொல்லின் வார்ப்பிலேயே ஹியூவெல் மாற்றுப் பெயரை அமைத்தார். ஃபாரடே அப்புதுப் பெயரை விரும்பிச் சூட்டிக்கொள்ளவில்லை. இயற்கைத் தத்துவர் என்னும் பழம்பெயரே அவருக்கு உவப்பாயிருந்தது.

புத்தகம் கட்டிய இளைஞன்

பொதுமக்களின் மொழியை ஃபாரடே எங்கே கற்றார் என்பதற்கு அவருடைய இளமைக்காலமே விடை தருகிறது. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர் எழுத்தும் கணக்கும் அன்றி மேற்கல்வி பெற்றவரல்லர். பதினான்காம் அகவையில் இலண்டனில் புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் ஏழாண்டுத் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே கற்பதற்கும் பயன்படுத்திக்கொண்டார். அவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய ‘வேதியியல் உரையாடல்கள்’.

அந்நூல் பிறந்த வரலாறும் நம் பொருளுக்கு நெருங்கியது. வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்கச் சென்ற மார்செட் அம்மையாருக்கு அவை எளிதில் விளங்கவில்லை. பின்னர் நண்பர் ஒருவரோடு அப்பொருள் பற்றி உரையாடிய பிறகே தெளிவு பிறந்தது. தாம் பெற்ற அத்தெளிவைப் பிறரும் பெறுதல் வேண்டும் என்று, ஆசிரியை ஒருவரும் இரு மாணவியரும் பேசிக்கொள்வதாக நூலை அமைத்தார். மாணவியர் இடைமறித்து வினவுவர், ஐயுறுவர், சில வேளைகளில் சலித்துக்கொள்ளவும் செய்வர். ஒரு சொல் விளங்காவிடின் அங்கேயே நின்று கேட்பர். படிப்பவனின் உள்ளத்தில் எழும் வினாவை நூலே எழுப்பி நூலே விடை தரும் முறை அது. புத்தகம் கட்டிய இளைஞன் அந்நூலைப் பற்றிக்கொண்டான். மார்செட் அம்மையார் 1858இல் மறைந்தபோது, உலகப் புகழின் உச்சியிலிருந்த ஃபாரடே அவருக்குத் தாம் பட்ட கடனை நண்பர் தெ லா ரீவுக்கு எழுதிய கடிதத்தில் நன்றியோடு பதிவு செய்தார்.

1812இல் டேவியின் உரைகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. குறிப்புகளை விரிவாக எழுதித் தம் கையாலேயே கட்டமைத்து டேவிக்கு அனுப்பினார். 1813ஆம் ஆண்டு மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் உதவியாளரானார். உதவியாளராகச் சேர்ந்த சில திங்களிலேயே, நல்ல சொற்பொழிவின் இலக்கணம் யாது என்று நண்பர் பெஞ்சமின் அபட்டுக்குத் தொடர்ச்சியாகக் கடிதங்கள் எழுதினார். அரங்கின் காற்றோட்டம் முதல் உரையாளர் நிற்கும் நிலை, குரலின் விரைவு, ஆய்வைக் காட்டும் முறை ஈறாக அனைத்தையும் அவர் கண்கள் அளந்தன. பின்னர்ப் பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பயிற்சியும் பெற்றார். எளிமை அவருக்கு இயல்பாக வாய்த்த அருளன்று. உழைத்து ஈட்டிய பொருள்.

மெழுகுவர்த்தியின் முன்னால்

அந்நிலையத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்கென நடைபெறும் உரைவரிசை 1825இல் தொடங்கியது. 1827 முதல் 1861 முடியப் பத்தொன்பது வரிசைகளை ஃபாரடே நிகழ்த்தினார். அவற்றுள் இறுதியானது 1860–61ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், ஒரு மெழுகுவர்த்தியைப் பொருளாகக் கொண்டு நிகழ்த்திய ஆறு உரைகளாகும். 1848இல் எடுத்துக்கொண்ட பொருளையே தம் அறுபத்தொன்பதாம் அகவையில் அவர் மீண்டும் எடுத்துக்கொண்டார். தம் சொற்கள் அச்சேறப் போகின்றன என்பதை அவர் அறிவார். ஆயினும் எதிரே அமர்ந்திருக்கும் சிறுவரோடு சிறுவனாக, அணுக்கமாகவே பேசப்போவதாகத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டார். அச்சுக்கு அஞ்சி நடையை உயர்த்திக்கொள்ளும் வழக்கம் எக்காலத்தும் உண்டு. அதற்கு இடங்கொடாமையே அவ்வுரைகளின் முதல் வெற்றி.

1782இல் கடலில் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்னும் போர்க்கப்பலிலிருந்து எடுத்த மெழுகுவர்த்தி ஒன்றை அவர் காட்டினார். பல்லாண்டு உப்புநீரில் கிடந்த அது ஏற்றியவுடன் எரிந்தது. அடுத்து ஒரு வினா. உருகிய மெழுகு கீழே குழியில் நிற்கிறது. சுடரோ மேலே திரியின் நுனியில் இருக்கிறது. மெழுகு மேலே ஏறுவது எங்ஙனம்? இதற்கு அறிவியலார் வழங்கும் பெயர் மயிர்த்துளை ஈர்ப்பு என்பது. ஃபாரடே அப்பெயரை மறைக்கவில்லை, சொன்னார். சொன்ன உடனேயே, ‘மயிரின் ஈர்ப்பா?’ என்று சிறுவர் உள்ளத்தில் எழக்கூடிய வியப்பைத் தாமே எழுப்பி, பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம், உண்மை ஆற்றல் இன்னதென்று நன்கு விளங்காத பழங்காலத்தில் இட்ட பெயர் அது என்று ஒதுக்கிவைத்தார். பிறகு ஒரு தட்டில் நீல நிறம் ஊட்டிய உப்புநீரை ஊற்றி, அதன் நடுவே உப்பினால் ஆன தூணை நிறுத்தினார். நீலம் மெல்ல மெல்லத் தூணில் ஏறுவதைச் சிறுவர் கண்ணால் கண்டனர். கைகழுவிய பின் நீர்த்தொட்டியின் விளிம்பில் துவாலையைத் தொங்கவிட்டால் நீர் அதன்வழி ஏறி வெளியே சொட்டுமே, அதுவும் இதுவே என்றார். துவாலையை அறியாத சிறுவன் எவன்?

கலைச்சொல்லைத் தவிர்த்தல் என்பதற்கு ஃபாரடே கொண்ட பொருள் இங்கே புலனாகிறது. பெயரை ஒளித்துவைத்தல் அன்று. பெயரைச் சொல்லிவிட்டால் விளக்கம் முடிந்துவிட்டதாக எண்ணாதிருத்தல். நிகழ்ச்சியை முன்னிறுத்திப் பெயரைப் பின்னே நிற்கச் செய்தல்.

பனிக்கட்டி வைத்த கலத்தைச் சுடரின் மேலே பிடித்தார். கலத்தின் அடியில் நீர்த்துளி திரண்டது. நெருப்பிலிருந்து நீர் பிறந்ததைக் கண்ட சிறுவர்க்கு, அந்நீரை மின்னால் பகுத்து அதிலிருந்து இரு காற்றுகள் வெளிப்படுவதையும், ஒன்று மற்றொன்றைப் போல் இருமடங்காகத் திரள்வதையும் அடுத்துக் காட்டினார். 1834இல் தாம் அரிதின் முயன்று பெயர் சூட்டிய அதே நிகழ்ச்சி அது. ஆயினும் உரையின் பாரத்தை அவர் அப்பெயர்களின்மீது ஏற்றவில்லை; கண்முன் திரண்ட காற்றுகளின்மீதே ஏற்றினார். ஆறாம் உரையில் மெழுகுவர்த்தி எரிவதும் மனிதன் மூச்சுவிடுவதும் ஒரே வகை நிகழ்ச்சி என்னும் முடிவுக்கு அழைத்துச் சென்றார். ஒரு மனிதன் ஒரு நாளில் ஏழு அவுன்சு, அதாவது ஏறத்தாழ 200 கிராம் கரியை மூச்சின் வழியே கரியமில வாயுவாக மாற்றுகிறான் என்ற கணக்கையும் தந்தார். அங்கிருந்த ஒவ்வொரு சிறுவனும் தன் மார்பினுள் ஒரு சுடர் எரிவதை உணர்ந்திருப்பான்.

இவ்வுரைகளை இளம் வேதியியலறிஞர் வில்லியம் குரூக்ஸ் 1861இல் நூலாக வெளியிட்டார். அறிவியல் கருத்துகள் பல மாறிவிட்ட போதிலும் அச்சிறுநூல் தலைமுறை தலைமுறையாக மறுபதிப்புக் கண்டு வருகிறது.

ஆற்றில் இட்ட அட்டைத் துண்டுகள்

எளிய மொழி சிறுவர் அரங்குக்கு மட்டும் உரியதன்று. நாட்டின் உயிர்நிலைச் சிக்கல் ஒன்றிலும் ஃபாரடே அதையே கையாண்டார். 1850களில் இலண்டன் மாநகரின் கழிவு அனைத்தும் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றுநீரையே பலர் பருகினர். 1854இல் வாந்திபேதி பல்லாயிரவரைக் கொள்ளை கொண்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் நீராவிப் படகில் ஆற்றின் வழியே சென்ற ஃபாரடே, ‘டைம்ஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் விடுத்தார்.

தலைசிறந்த வேதியியலறிஞர் அவர்; ஆற்றுநீரைப் பகுத்துப் பொருள்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டிருக்கலாம். அவர் அங்ஙனம் செய்யவில்லை. வெள்ளை அட்டையைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, எளிதில் அமிழும்பொருட்டு நனைத்து, படகு நின்ற துறைதோறும் நீரில் இட்டார். வெயில் நன்கு அடித்துக்கொண்டிருந்தது. அவ்வாறிருந்தும் ஓரங்குல ஆழம் இறங்குமுன்பே துண்டுகள் கண்ணுக்குப் புலப்படாமற் போயின. செங்குத்தாக விழுந்தவற்றின் மேற்பகுதி நீரில் அமிழுமுன்னரே கீழ்ப்பகுதி மறைந்துவிட்டது. கண்டதை இவ்வாறே எழுதினார். இதனைப் புறக்கணித்தால், வெப்பம் மிகுந்த ஒரு கோடை நம் கவனக்குறைவின் பேதைமையை மெய்ப்பிக்கும் என்றும் எச்சரித்தார்.

அக்கடிதத்தை விளங்கிக்கொள்ள எந்த அகராதியும் வேண்டியிருக்கவில்லை. ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவை இதழ், மூக்கைப் பொத்திக்கொண்டு ஃபாரடே தம் அட்டையைத் தேம்ஸ் கிழவனிடம் நீட்டுவதாகக் கேலிச்சித்திரம் வரைந்தது. 1858இன் கடுங்கோடையில் எச்சரிக்கை பலித்தது. ஆற்றின் முடைநாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளை நாற்றங்கொல்லி மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டனர். அவ்வாண்டிலேயே சட்டம் நிறைவேறி, பொறியாளர் பாசல்கெட் வகுத்த மாபெரும் கழிவுநீர்க் கால்வாய்ப் பணி தொடங்கியது. ஒரு கடிதத்தால் மட்டும் அது விளைந்தது என்பது மிகைக்கூற்றாகும். நாற்றமே வலிய வழக்கறிஞராயிற்று. ஆயினும் மக்கள் தம் கண்ணாலேயே சோதித்தறியத்தக்க சான்றை அவர்களுடைய மொழியிலேயே மூன்றாண்டுகளுக்கு முன்னர் எடுத்துவைத்த பெருமை ஃபாரடேக்கு உரியது.

வாயிற்படிக்கு வெளியே நின்ற மேதை

கலைமொழி விளங்காத துன்பத்தை ஃபாரடே பிறர் வாயிலாக அறிந்தவரல்லர், தாமே நுகர்ந்தவர். காந்தத்தைச் சூழ்ந்த வெளியில் விசைக்கோடுகள் பரவியுள்ளன என்னும் அவரது கருத்தை, கணிதம் வல்ல இளைஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் சமன்பாடுகளில் வடிக்கத் தொடங்கினார். உயர்கணிதம் கல்லாத ஃபாரடேக்குத் தம் கருத்தே படிக்கவொண்ணாத எழுத்தில் திரும்பி வந்தது. 1857ஆம் ஆண்டு நவம்பரில், அறுபத்தாறு அகவையினரான ஃபாரடே, இருபத்தாறு அகவையினரான மாக்ஸ்வெலுக்கு எழுதினார். கணித அறிஞர் தம் முடிவுகளைச் சமன்பாட்டில் தருவதோடு, பொதுமொழியிலும் அதே நிறைவோடும் தெளிவோடும் தருதல் இயலாதா? அந்தச் சித்திர எழுத்துகளிலிருந்து மொழிபெயர்த்துத் தந்தால், ஆய்வுக்கூடத்தில் உழைப்போரும் அவற்றைக் கொண்டு மேற்செல்லலாமே என்பது அவரது வேண்டுகோள்.

அவ்வேண்டுகோளில் தாழ்வு மனப்பான்மை இல்லை. அறிவு பங்கிடப்படாவிடின் வளராது என்னும் கவலையே உண்டு. சமன்பாடுகள் இன்றி மாக்ஸ்வெலின் கொள்கை முழுமை பெற்றிராது என்பதும் உண்மை. கலைமொழிக்கு உரிய இடத்தைப் பொதுமொழி கைப்பற்ற முடியாது. ஆனால் கலைமொழிக்குள்ளேயே அடைபட்ட கருத்து, அதனைத் தோற்றுவித்த மேதையையே வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தமிழில் இருநெறி

ஃபாரடேயும் ஹியூவெலும் தேர்ந்த சொற்கள் பின்னர்த் தமிழுக்கும் வந்தன. அயான் ‘அயனி’ ஆயிற்று. ஒலியே தமிழ் உருக்கொண்டது. ஆனோடும் கேத்தோடும் ‘நேர்மின்வாய்’, ‘எதிர்மின்வாய்’ ஆயின. கதிரவன் எழுவதும் விழுவதுமாகிய உவமை மறைந்து, வாய் என்னும் வாழ்க்கைச் சொல் அவ்விடத்தில் அமர்ந்தது.

இங்கும் சொல் ஆக்கம் முன்னரே தொடங்கியிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஷ் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பிக்க முனைந்தார். தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் இயலாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கிசைய எழுதுவது என்பது அவர் வகுத்த முறை. 1875இல் வெளிவந்த அவர்தம் வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’ என்பதே அம்மூன்றாம் வழிக்குச் சான்று.

ஃபாரடேயின் இருநெறியையும் ஒருங்கே நினைவூட்டுபவர் இராஜாஜி. 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென நிறுவப்பட்ட சங்கத்தின் முன்னோடி அவர். அவரே பின்னாளில் வேதியியலைப் பொதுமக்களுக்கு உரைக்கப் புகுந்தபோது நூலுக்கு இட்ட பெயர் ‘திண்ணை ரசாயனம்’. கலைச்சொல் சங்கத்தில் இருந்தவர் திண்ணைக்கு இறங்கி வந்தார். திண்ணை என்பது வீட்டுக்கு உள்ளும் அன்று, தெருவும் அன்று. வழிப்போக்கரும் வீட்டாரும் சமமாக அமரும் இடம். அறிவியல் பொதுமக்களைச் சந்திக்கவேண்டிய இடத்தை அந்த ஒரு சொல் வரையறுத்துவிடுகிறது.

கலைச்சொல் ஆக்குவோரும் எளிய நடை வேண்டுவோரும் தம்முள் பகைவர் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்ததுண்டு. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஃபாரடேயிடம் இவ்விரு பணிகளும் ஒரே நேர்மையிலிருந்து பிறந்தன. பழஞ்சொல் பொய்யுரைத்தபோது புதுச்சொல்லைத் தேடினார். புதுச்சொல் கேட்போனுக்குத் திரையாகும் இடத்தில் துவாலையையும் அட்டைத் துண்டையும் கையில் எடுத்தார். பொருள் மறைந்துவிடலாகாது என்பதொன்றே இரண்டிடத்தும் அவர் கவலை. தான் கண்டதைக் கேட்போனும் காணவேண்டும் என்று உழைக்கும் எவர்க்கும், அறிவியலார் ஆயினும் கவிஞர் ஆயினும், அந்தக் கவலை பொதுவுடைமை.